மாதமா

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்,
டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் மையம்.
பலகையில் ‘தெற்காசிய’ என்ற சொல்லில்
றகரத்தின் புள்ளி உதிர்ந்து
இரண்டு மழைக்காலம் ஆயிற்று.
வருகைப் பதிவேடு என் பொறுப்பு.
நாற்பது நாற்காலி விரிப்பேன்.
நிகழ்ச்சி தொடங்குமுன்
முப்பதை மடக்கிவிடுவேன்,
பேச வந்தவர் மனம் நோகாதபடிக்கு.

போன மாதம் லாரி ஓவியங்கள்:
பெஷாவரின் மயில், சிட்டகாங்கின் புலி.
பார்த்தவர்கள் பத்தொன்பது.
அதில் ஆறு பேர் கீழே டயர் மாற்ற வந்த டிரைவர்கள்.
அதிக நேரம் நின்றது அவர்கள்தான்.
அதற்கு முந்தின மாதம்
பருவக்காற்றும் கடல் வணிகமும் பற்றி
ஓய்வுபெற்ற பேராசிரியர் ஜஸ்டஸ்,
ஒன்றே முக்கால் மணி நேரம்.
ஒரு தடவை காற்று ஜன்னலை அடித்துச் சாத்தியது.
வேறு யாரும் குறுக்கே பேசவில்லை.

நேற்று ஆவணப்படம், மாலத்தீவிலிருந்து.
தமிழ் எழுத்து கீழே ஓடும் என்று நோட்டீஸ் அடித்திருந்தோம்.
ஓடியது இங்கிலீஷ்.
செயலாளர் வேலப்பன் எழுந்து மன்னிப்புக் கேட்டார்,
பிறகு ப்ரொஜெக்டரிடமும் கேட்பதுபோல்
அதை இரண்டு தட்டு தட்டினார்.

கூரையில் மாசி காயவைக்கிறாள் ஒருத்தி.
ஐஸ் பிளாண்ட் எப்போது வரும் என்று
கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ கேட்கிறார்கள்.
மீனைப் புரட்டிக்கொண்டே சொல்கிறாள்:
‘மாதமா.’
கீழே எழுத்து வந்தது, நாளை என்று.

பின்வரிசையில் ஒரு சிரிப்பு.
நித்திரவிளை பஸ்ஸைத் தவறவிட்டு
மழைக்கு மாடியேறியவர்,
மடியில் ஏத்தங்காய் சிப்ஸ், காலடியில் ஈரக்குடை.
‘அவ நாளைக்கின்னு சொல்லல்ல.’
‘எழுத்து அப்படித்தானே போடுது அண்ணாச்சி?’
‘எழுதினவன் புஸ்தகத்தப் பாத்திருப்பான்.
நான் பதினோரு மாசம் கேட்டிருக்கேன்.’

எல்லை தாண்டினதாகப் பிடித்தார்களாம்,
பன்னிரண்டு பேரையும் எனக்க போட்டையும் என்றார்.
எப்ப விடுவிய என்று தினமும் கேட்பார்களாம்.
மாதமா என்பானாம் காவல்காரன்.
‘ஒரு மாதமான்னு நம்மகிட்ட கேக்கான் போலன்னு
ஆமா சார், ஒரு மாதம் போதும் சார்னு
பன்னெண்டு பேரும் தலையாட்டினோம்.
அவனும் ஆட்டினான்.’

அறுபது நாள் கழித்துத்தான் தெரிந்ததாம்,
அது நாளை என்று.
நூறு நாள் கழித்துத் தெரிந்ததாம்,
அது நாளை இல்லை என்று.

பிறகு யாரும் கேட்காமலே அவர் சொல்லிக்கொண்டு வந்தார்,
குரலை உயர்த்தாமல், சிப்ஸுக்கு நடுநடுவே.
அரசாங்கத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம் என்றது திரை.
‘சொல்லியாச்சு, கேக்கவனுக்குக் காது வேண்டாமா’ என்றார் இவர்.
தோணி என்று ஒருவன் சொன்னபோது மட்டும் சும்மா இருந்தார்.
எங்களுக்கே கேட்டுவிட்டது.
இன்னொரு சொல்லுக்குக் காது சிவந்தது அவருக்கு:
‘இது ஜெயில்ல படிச்சது. பொம்பளப்பிள்ளைய இருக்கிய, வேண்டாம்.’

ஒன்றிரண்டாக நாற்காலிகள் திரும்பின.
கடல் எங்கள் முதுகில் ஓடிக்கொண்டிருந்தது.
படத்தை யார் பார்த்தோம் என்று
என்னால் சத்தியமாகச் சொல்ல முடியாது.

விளக்குப் போட்டதும் பதிவேட்டை நீட்டினேன்.
பெயர்: ததேயுஸ். ஊர்: பூத்துறை.
நிறுவனம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து
படகின் பதிவெண்ணை எழுதினார்.
அது இன்னும் அங்கேதான் நிற்கிறதாம்,
யாருடைய ஜெட்டியிலோ, யாருடைய வெயிலிலோ.

அடுத்த படத்துக்கும் கட்டாயம் வாருங்கள்,
நேபாளத்திலிருந்து வருகிறது என்றார் வேலப்பன்.
குடையை உதறிக்கொண்டே படியிறங்கியவர்
பாதியில் நின்று சொன்னார்:
‘அங்க கடலே கெடையாதே.
நம்மள யாரு பிடிப்பா?’

அறிக்கையில் வந்தவர்கள் பதினொன்று என்று எழுதினேன்.
‘கலந்துரையாடல் நடந்ததா’ என்ற வரிக்கு நேரே
ஆம், இல்லை, இரண்டே கட்டம்.
பேனாவை மூடி வைத்துவிட்டேன்.
அதை இனி
மாதமா நிரப்ப வேண்டும்.